கண்ணாடிக்கு அடியில் நான் வைத்த புள்ளி

போன மாதம் எங்கள் ஆய்வகத்துக்குப் புது மைக்ரோஸ்கோப் வந்திருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். ஓய்வு பெற்றவனுக்கு ஓசியில் போண்டாவும் காபியும் தருகிறேன் என்றால் போகாமல் இருப்பானா? கண்ணாடித் துண்டின் மேல் மயிரிழை போல ஓடும் கால்வாய் எங்கே இருக்கிறது என்று அந்தக் கருவி தானே கேமராவில் தேடிக் கண்டுபிடித்து, லேசரைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துகிறது. மனிதன் பக்கத்தில் நின்று கைகட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவர்கள் கதவில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார்கள். “கண்ணாடியில் எதை வைத்தாலும், எதைத் துடைத்தாலும் நோட்டில் எழுதவும்” என்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் அதில் இருக்கிறது. “அது எனக்காக ஒட்டினதுப்பா” என்றேன். சிரித்தார்கள். நான் எப்போதும் கிண்டல் பேசுகிறவன் என்று அவர்களுக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கிண்டல் இல்லை, நிஜம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது பெங்களூர் ஆஸ்டின் டவுன். ஐ.டி.ஐ.யில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக் படித்துவிட்டு, இருபத்தோரு வயதில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். லேத், மில்லிங், பிறகு லென்ஸ் தேய்ப்பது. இப்படியே இருபது வருஷம் ஓடியது. அதில் சொல்ல ஒன்றும் இல்லை. வேலை கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கினேன், அப்புறம் திட்டவும் ஆரம்பித்தேன்.

ஹெக்டே சார் பட்டறைக்கு வந்த நாள் முதல்தான் கதை. அப்போது அவர் புதிதாகச் சேர்ந்த புரொபசர். உள்ளங்கை அளவு ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். மெல்லிய கண்ணாடியின் மேல் சிலிக்கோன் ரப்பர், அந்த ரப்பரின் அடியில் தலைமயிர் அகலத்துக்குக் கால்வாய்கள். அதற்கு அச்சு வேண்டும் என்றார்.

“சார், இதுல தண்ணியே போகாது” என்றேன்.

“போகும். நிறுத்தறதுதான் கஷ்டம்” என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில். “இத்தினி சின்ன கால்வாயில வால்வு எங்க வெப்பீங்க, சேகர் அவ்ரே? வெளிச்சத்தால ஒரு கதவு போடணும். நோடோண.”

அவ்ரே என்றால் கன்னடத்தில் அவர்களே, நோடோண என்றால் பார்ப்போம் என்று அர்த்தம். அவர் வாயில் அது ஒரு நாளைக்கு நாற்பது தடவை வரும். சம்பள உயர்வு கேட்டாலும் நோடோண, சுவரில் தண்ணீர் ஒழுகினாலும் நோடோண. அந்த மனிதரிடம்தான் அடுத்த பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். பட்டறையிலிருந்து என்னைத் தன் ஆய்வகத்துக்கு மாற்றி வாங்கிக்கொண்டார்.

வெளிச்சத்தால் கதவு போடுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. ஐஸ்கிரீமிலும் மாத்திரையிலும் கலக்கிற ஒரு வெள்ளைப் பவுடர் உண்டு. அதைத் தண்ணீரில் கரைத்தால், குளிர்ச்சியில் நீர்த்து ஓடும், சூடு பட்டால் இறுகும். ஆறினால் மறுபடியும் தண்ணீர். இட்லி மாவு வெந்து இறுகுவது போலத்தான், ஆனால் இந்த இட்லி திரும்ப மாவாகிவிடும். அந்தக் கரைசலில் ரத்த அணுக்களைக் கலந்து கால்வாயில் ஓட விடுவோம். கால்வாய் ஓர் இடத்தில் இரண்டாகப் பிரியும். இடது கிளையின் வாயில் மேலிருந்து லேசரைக் காட்டினால், அந்த இடம் மட்டும் சூடாகி, கரைசல் இறுகி, வழி அடைபடும். வருகிற அணு வலது பக்கம் போய்விடும். லேசரை அணைத்தால் கண் இமைக்கிற நேரத்தில் வழி திறந்துவிடும். நமக்கு வேண்டிய அணுவை ஒரு பக்கம், வேண்டாததை ஒரு பக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிரிக்கலாம்.

இந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. முதல் வாரமே என் சட்டைப் பையில் ஓட்டை போட்டது. துணி கருகுகிற வாசனை வந்து, யாரோ பீடி பிடிக்கிறார்கள் என்று நான் கத்த, ஹெக்டே சார் ஓடிவந்து லேசரை அணைத்தார். திட்டவில்லை. கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்து, உட்காரச் சொல்லி, நான் எந்த நட்டைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். அது அவர் வழக்கம். கடிகாரம் கழன்று மேஜைக்கு வந்துவிட்டால், விஷயம் முடியும்வரை யாரும் எழுந்து போக முடியாது. அதற்கு அவர் கத்தித் தொலைத்திருக்கலாம்.

ரப்பரும் கண்ணாடியும் ஒட்டிய அந்தத் துண்டுக்குச் சிப் என்று பெயர், அதைச் செய்வது என் வேலை. ரப்பர் கரைசலைக் கலந்து, காற்றுக் குமிழி போக வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து, உரித்து, துளை போட்டு, கண்ணாடியைச் சுத்தம் செய்து ஒட்ட வேண்டும். பிறகு மைக்ரோஸ்கோப் மேடையில் வைத்து, கால்வாய் பிரிகிற வாயை லேசருக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். கடைசி வேலைதான் கண்ணுக்கு வேலை. நான் செய்த சிப் ஒழுகாது என்று மற்ற ஆய்வகக்காரர்கள் கூடக் கேட்டு வாங்கிப் போவார்கள். எனக்கு அதில் கர்வம் உண்டு. ஏன் இல்லாமல்?

பவித்ரா வந்தது நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருஷம் முன்னால். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கல்யாணமாகி அத்திபெலேயில் இருந்தாள். வீட்டுக்காரருக்கு ஓசூரில் தொழிற்சாலை வேலை. காலை ஆறரைக்குப் பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறி, என்னைவிட முன்னால் ஆய்வகத்தில் இருப்பாள். பேச்சு கறாராக இருக்கும். நான் காபி குடிக்கப் போனால், “அண்ணா, சிப்பு வெந்துனு இருக்குது, நீங்க எங்க போறீங்க?” என்பாள். அவள் ரத்த அணுக்களைப் பிரிப்பதை எடுத்துக்கொண்டாள். லேசர் பலமாக இருந்தால் அணு வெந்துவிடும், பலம் குறைத்தால் கரைசல் இறுகாது. இதுதான் எல்லாருக்கும் இருந்த சிக்கல். இரண்டாவது வருஷத்தில் ஒரு நாள், மற்றவர்கள் வைக்கிற பலத்தில் பத்தில் ஒரு பங்கிலேயே வழி அடைபட்டது. அவள் லேசரை அணைத்தாள், மறுபடி போட்டாள், அணைத்தாள், போட்டாள். ஒவ்வொரு தடவையும் அணுக்கள் சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளைகள் மாதிரி பக்கம் மாறின. “சாரைக் கூப்பிடுங்கண்ணா” என்று மெதுவாகச் சொன்னாள். ஹெக்டே சார் வந்து பார்த்தார். நோடோண என்று சொல்லாமல் போனது எனக்குத் தெரிந்து அந்த ஒரு நாள்தான்.

கரைசலில் அவள் சேர்த்த உப்பின் அளவுதான் காரணம் என்று கணக்குப் போட்டார்கள். கணக்கும் ஏறக்குறைய ஒத்துவந்தது. பேப்பர் வெளியானது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் மெயில் வந்தது. சின்ன லேசர் போதும், சின்ன ஆஸ்பத்திரியில் கூட இந்தக் கருவியை வைக்கலாம் என்றார்கள். நிறுவனம் முழுக்க ஸ்வீட் கொடுத்தது நான்தான்.

இனி என் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பவித்ரா வந்து ஒரு வருஷம் ஆவதற்குள் எனக்குப் பார்வை மங்க ஆரம்பித்துவிட்டது. மைக்ரோஸ்கோப்பில் குனிந்தால் பாலில் கரைத்த மாதிரி தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் கால்வாயின் வாய் அகப்படாது. வெளியே சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எனக்கு முன்னால் இருந்த ஒருவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததும் ஸ்டோரில் உட்கார வைத்து, திருகாணிக்கு ரசீது எழுத விட்டார்கள். நான் அங்கே போய் உட்கார மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தேன். சிப்பை ஒட்டி முடித்ததும், உருப்பெருக்கி விளக்குக்கு அடியில் வைத்து, கண்ணாடியின் வெளிப்புறம், அடியில், இடது கிளையின் வாய்க்கு ஒட்டினாற்போல் ஒரு கறுப்புப் புள்ளி. மார்க்கர் பேனாவில் வைத்தால் படர்ந்துவிடும். பழைய பட்டறையில் படம் வரைய வைத்திருந்த டிராயிங் இங்க் ஒரு புட்டி என்னிடம் இருந்தது. அதை ஊசி முனையில் தொட்டு வைப்பேன். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் பாலுக்கு நடுவே அந்தக் கறுப்பு பளிச்சென்று தெரியும். அதைப் பிடித்துக்கொண்டு வாய்க்குப் போய்விடுவேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. “சேகரண்ணன் சிப்புல திருஷ்டிப் பொட்டு வெக்கிறாரு” என்று பையன்கள் கேலி செய்வார்கள். நானும் ஆமாம்பா, உங்க கண்ணுதான் பொல்லாத கண்ணாச்சே என்பேன். அதோடு விஷயம் முடிந்துவிடும். நான் நோட்டில் எழுதவில்லை. எழுதினால் ஏன் என்று கேட்பார்கள்.

ஓய்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, மனைவி சரோஜா பிடிவாதமாகக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனாள். “நீங்க ஆபீசை ஏமாத்தலாம், என்னை ஏமாத்த முடியாது. சாம்பார்ல மிளகாய்னு நெனச்சி கருவேப்பிலைய ஒதுக்கி வெக்கிறீங்க, அப்புறம் மிளகாயின்னு தெரியாம கடிக்கிறீங்க.” ஒக்கலிபுரத்தில் அவள் தம்பி வீட்டில் தங்கி இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் செய்துகொண்டேன். மருத்துவ விடுப்பு என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

நான் திரும்பி வந்தபோது ஆய்வகம் இழவு வீடு மாதிரி இருந்தது. வெளிநாட்டு ஆய்வகம் ஒன்று மெயில் அனுப்பியிருந்தது. பேப்பரில் சொன்னபடியே செய்தோம், நீங்கள் சொன்ன பலத்தில் ஒன்றும் இறுகவில்லை, உங்கள் மாணவியின் மூலக் கோப்புகளை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். சரி, செய்தே காட்டுவோம் என்று பவித்ரா நான் இல்லாத நாட்களில் தானே சிப் செய்து ஓட்டியிருக்கிறாள். அவளுக்கும் இறுகவில்லை. நாலு வருஷம் நூற்றுக்கணக்கான தடவை வேலை செய்தது, இப்போது ஒரு தடவை கூட இல்லை. அவள் தீசிஸ் கொடுக்க வேண்டிய கெடு அடுத்த மாதம். அந்தப் பேப்பர்தான் தீசிஸின் முதுகெலும்பு. விசாரிக்க மூன்று பேர் கமிட்டி போட்டுவிட்டார்கள். எண்களை அவள் திருத்தியிருப்பாளோ என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே எல்லாரும் கேட்டார்கள்.

ஹெக்டே சார் என்னைக் கூப்பிட்டார். கடிகாரம் மேஜையில் இருந்தது.

“சேகர் அவ்ரே, சிப் செய்யறது முதல்லேருந்து கடைசிவரை எழுதிக் கொடுங்க. ஒந்தும் விடாதீங்க.”

எழுதினேன். பத்தொன்பது படிகள் வந்தன. புள்ளியை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பாதி பொய். எழுதும்போது நினைவுக்கு வந்தது. இது படி இல்லை, என் சொந்த வசதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள், எல்லாரும் சுற்றி நிற்க, கேமராவில் பதிவு செய்துகொண்டு நான் ஒரு சிப் செய்தேன். என் கை பட்டால் வேலை செய்யும் என்று எனக்குத் திமிர். ஒட்டி முடித்து மேடையில் வைத்துக் குனிந்தேன். கால்வாயின் இரண்டு கரையும் கத்தியால் கீறினாற்போலத் தெரிந்தன. புதுக் கண். புள்ளி தேவைப்படவில்லை, வைக்கவும் இல்லை. நேராக வாயில் கொண்டுபோய் நிறுத்தினேன். பவித்ரா லேசரைப் போட்டாள். அணுக்கள் பாட்டுக்கு இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. பலத்தைக் கொஞ்சம் ஏற்றினாள். ஒன்றுமில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து மறுபடி பார்த்தேன், வாய் லேசருக்கு நேராகத்தான் இருந்தது. கமிட்டிக்காரர் ஒருவர் பேனாவை மூடிச் சட்டையில் செருகிக்கொண்டு எழுந்தார். சிப் சேகர் கையால் செய்ததுதான், அதிலும் வேலை செய்யவில்லை என்றால் அப்புறம் தப்பு எங்கே இருக்க முடியும் என்பது அந்த எழுந்ததிலேயே இருந்தது. அதுவரை பாதியாக இருந்த சந்தேகம் அன்றைக்கு முழுசாகி அவள் தலையில் இறங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மதியம் எல்லாரும் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். நான் பழைய சிப் பெட்டியைத் திறந்து, எதில் வேறுபாடு என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புள்ளி. நாலு வருஷமாக நான் வைத்த புள்ளிகளை நானே அன்றைக்குத்தான் ஒழுங்காகப் பார்த்தேன். ஊசி முனை அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தது கடுகில் பாதி இருந்தது. கறுப்பு சூட்டை வாங்கும். கறுப்புக் குடை பிடிக்கிறவனுக்கெல்லாம் தெரிந்த விஷயம். மேலிருந்து வருகிற லேசர் கால்வாயைத் தாண்டிக் கண்ணாடி வழியாகக் கீழே இறங்கும்போது சற்று விரியும். விரிந்த ஓரம் அந்தக் கறுப்பில் விழும். மை சூடாகும். மெல்லிய கண்ணாடி வழியே அந்தச் சூடு மேலே கால்வாய்க்கு ஏறும்.

ஒரு பழைய சிப்பை எடுத்து ஓட்டினேன். குறைந்த பலத்திலேயே கச்சிதமாக அடைத்தது. வெளியே எடுத்து, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அழுத்தித் துடைத்தேன். புள்ளி போய்விட்டது. மறுபடி ஓட்டினேன். அடைக்கவில்லை. உப்பும் இல்லை, கணக்கும் இல்லை. உலகம் முழுக்கப் பாராட்டிய கதவு என் கண் நோய்.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. துடைத்த பஞ்சைக் குப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சொன்னால் அந்தப் பெண்ணின் தீசிஸ் போய்விடும், பேப்பர் போய்விடும், அதனால் யோசிக்கிறேன் என்று மனசுக்குள் ஒரு நியாயம் ஓடியது. அதெல்லாம் வேஷம். நாற்பது வருஷம் சேர்த்த பெயர், கண் தெரியாதவன் என்று முடியப் போகிறது என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்தது. ஓய்வுக்கு ஐந்து வாரம். வாயை மூடிக்கொண்டிருந்தால் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். பழைய சிப்புகளை உடைத்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. அதையும் யோசித்தேன்.

சனிக்கிழமை அரை நாள் போனேன். உடைக்கத்தான் போனேனோ என்னவோ, இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. பவித்ரா உட்கார்ந்திருந்தாள். நாலு வருஷக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தேதிவாரியாக அச்செடுத்து, தரை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். கண் வீங்கியிருந்தது.

“என்னம்மா இது?”

“எல்லாத்தையும் குடுத்துடறேண்ணா. கெட்டது, நல்லது எல்லாம். ஒரு நம்பரு கூட மாத்தலேன்னு அவங்களே பாத்துக்கட்டும்.” கொஞ்ச நேரம் காகிதத்தையே அடுக்கினாள். பிறகு நிமிராமல் கேட்டாள். “வீட்டுக்காரரே நேத்து கேட்டாரு, நிஜமாவே எதுவும் பண்ணலியான்னு. நீங்க கூடவே இருந்தவரு. நீங்களாச்சும் நம்புறீங்களா?”

“நம்புறேம்மா” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது, பெட்டி மூன்றடி தூரத்தில் இருந்தது. நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் அடுக்கிய காகிதத்துக்கு கிளிப் எடுத்துக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த கேவலமான காரியம் எது என்று கேட்டால், புள்ளி வைத்தது இல்லை, அந்த கிளிப் கொடுத்ததுதான். பெட்டியைத் தொடாமல் வீட்டுக்குத் திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூராவும் சாப்பாடு இறங்கவில்லை. “ஆயிரக்கணக்குல செலவு பண்ணி கண்ணு வாங்கினு வந்து, செவுத்தையே பாத்துனு கீறீங்க” என்றாள் சரோஜா. அவளிடமும் சொல்லவில்லை.

திங்கள் காலை பதினோரு மணிக்குக் கமிட்டி. ஹெக்டே சார் அறையில் மூன்று பேர், எதிரே பவித்ரா, அவள் மடியில் அந்தக் காகிதக் கட்டு. என்னை யாரும் கூப்பிடவில்லை. பழைய சிப் பெட்டி, இங்க் புட்டி, ஊசி மூன்றையும் எடுத்துக்கொண்டு கதவைத் தட்டி உள்ளே போனேன்.

“சார், நான் எழுதிக் குடுத்ததுல ஒண்ணு விட்டுட்டேன்” என்றேன். “வேணும்னே விட்டேன்.”

ஹெக்டே சார் கடிகாரத்தைக் கழற்றினார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கண், ஸ்டோர் பயம், புள்ளி, வெள்ளிக்கிழமை துடைத்துப் பார்த்தது. சனிக்கிழமையையும் விடவில்லை. சொல்லி முடித்ததும் ஹெக்டே சார் நோட்டை இழுத்துக்கொண்டார்.

“எத்தனை வருஷமா?” என்றார்.

“நாலு, சார்.”

எழுதிக்கொண்டார். “தோர்சி” என்றார். காட்டுங்கள் என்று அர்த்தம்.

எல்லாரும் ஆய்வகத்துக்குப் போனோம். நாலு சிப் வரிசையாக ஓட்டச் சொன்னார். ஒன்று புள்ளி இல்லாதது. ஒன்று மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்தது. அதிலும் அடைக்கவில்லை, அந்த மை இந்த லேசரை வாங்கவில்லை. மூன்றாவது என் டிராயிங் இங்க். லேசரைப் போட்ட உடனே அடைத்தது. நாலாவது, அதே இங்க் வைத்துத் துடைத்தது. அடைக்கவில்லை. ஒவ்வொன்றையும் பவித்ராவின் கைதான் ஓட்டியது. மூன்றாவது சிப்பில் அணுக்கள் வலது பக்கம் திரும்பியபோது அவள் முகத்தைப் பார்த்தேன், பார்க்காமல் இருந்திருக்கலாம். பொய் சொல்லவில்லை என்று நிரூபணம் ஆகிவிட்டது, நாலு வருஷமும் போய்விட்டது. இரண்டும் ஒரே நொடியில். நாலாவதை முடித்துவிட்டு, கையுறையைக் கழற்றி, என் பக்கமே திரும்பாமல் வெளியே போனாள்.

கமிட்டிக்காரர்கள் அவள் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் போனதும் ஹெக்டே சார், “சேகர் அவ்ரே, கண்ணு தெரியலேன்னு எங்கிட்ட சொல்லியிருந்தா, கேமரா மாட்டிக் குடுத்திருப்பேன்” என்றார். குரல் உயரவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வராந்தாவில் போய் நின்று அழுதேன். அறுபது வயதில் அழுவது அசிங்கம்தான், என்ன செய்வது.

பவித்ராவின் தீசிஸ் முடிய மேலும் எட்டு மாதம் பிடித்தது. புள்ளி இல்லாமல் எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். முடிவு பழையதில் கால்வாசிக்குக் கூடச் சிறப்பில்லை. ஆனாலும் நின்றது. இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். இதெல்லாம் நான் வெளியே வந்த பிறகு கேள்விப்பட்டது.

நான் இருந்தபோது நடந்தது ஒன்று பாக்கி. அந்தத் திங்களுக்குப் பிறகு பதினோரு நாள் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சிப் வேண்டுமென்றால் சீட்டில் எழுதி என் மேஜையில் வைத்துவிட்டுப் போவாள். நான் செய்து வைத்தால் எடுத்துப் போவாள், அடியில் திருப்பிப் பார்த்துவிட்டு. பார்க்கட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

பன்னிரண்டாம் நாள், பேப்பர் வெளிவந்த பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய திருத்தக் குறிப்பை எழுத ஹெக்டே சார் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்தார். அவர் சொல்ல, பவித்ரா கம்ப்யூட்டரில் அடித்தாள். “கண்ணாடியின் அடியில், பதிவு செய்யப்படாத ஒரு மைப் புள்ளி இருந்தது” என்று ஒரு வரி வந்தது.

“யாரு வெச்சதுன்னு இல்லியே, சார்” என்றேன்.

“தேவையில்லை. இன்னும் மூணு வாரத்துல ரிடயர் ஆகறீங்க. எதுக்கு?”

“புள்ளி இருந்துச்சுன்னு மட்டும் போட்டா, படிக்கிறவன் யாரு வெச்சான்னு நெனைப்பான்? பேப்பர்ல முதல் பேரு இவளுது. இவதான் வெச்சான்னு நெனைப்பான். காலத்துக்கும் அது இவ கூடவே வரும். நான் வெச்சேன்னு போடுங்க. ஏன் வெச்சேன், யாருக்கும் சொல்லல, அதையும் போடுங்க.”

ஹெக்டே சார் என்னைப் பார்த்தார். பிறகு பவித்ராவைப் பார்த்தார். அவள் அடித்த வரியை அழித்தாள். கை கீபோர்டிலேயே நின்றது.

“உங்க முழுப் பேரு என்னண்ணா?” என்றாள். “சேகர்னு மட்டும் போட முடியாது.”

ஐந்து வருஷமாகத் தினமும் என் முகத்தைத்தான் பார்க்கிறாள். அவளுக்கு என் முழுப் பெயர் தெரியாது, எனக்கும் சொல்லத் தோன்றியதில்லை. நான் செய்த சிப்பை வைத்து எத்தனையோ பேப்பர் வந்திருக்கிறது, ஒன்றிலும் பெயர் கேட்டது கிடையாது. முனுசாமி தனசேகரன் என்றேன். அவள் ஒவ்வோர் எழுத்தாக அடித்து, திரையை என் பக்கம் திருப்பி, சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றாள். வாழ்க்கையில் முதல் தடவையாக என் பெயர் அச்சில் வரப்போகிறது, வருகிற இடம் இது என்று வெட்கமாக இருந்தது. அவள் திரும்ப அண்ணா என்று கூப்பிட்டுவிட்டாள் என்பதும் காதில் இருந்தது.

“சரியா இருக்கும்மா” என்றேன். “அனுப்பு.”